விரும்பின ரீச்சருக்கு மட்டும் எண்டால் போதாது



இந்தக் கிழமை எபிசோட்டில் பள்ளிக்கூடங்களுக்கு ஐபாட் வாங்குவதைப் பற்றிக் கதைத்தோம். முக்கியமான ஒரு விசயத்துக்கு வரமுதல் நேரம் முடிந்துவிட்டது. அது ரீச்சரைப் பற்றியது. கணக்கும் டொச்சும் கைவேலையும் படிப்பிக்கிற ஒரு பிரிமார் ரீச்சர் கொம்பியூட்டர் பாடத்தை எங்கே, எப்படிக் கற்றுக்கொள்கிறார்?

நான் கொன்ராக்ட்டில் வேலை செய்கிற ஐ.ரி.க்காரன். பள்ளிக்கூடங்களுக்கும் போவேன். பெட்டியைத் திறந்து, ஐபாட்களைப் பதிந்து, வைஃபையில் இணைத்து, சார்ஜ் பண்ணுகிற வண்டியில் அடுக்கிவிட்டால் நான் பில் எழுதலாம். ரீச்சரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. "சரி, இதை வைச்சு செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்புக்கு நான் என்ன படிப்பிக்கிறது?" இந்தக் கேள்விக்கு கொம்பியூட்டர் சயன்ஸ் பட்டம் பதில் தராது. ஏழு வயசுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது தனித் தொழில். அந்தத் தொழில் தெரிந்த ஆள் ரீச்சர்தான். அப்ப, ரீச்சருக்கு மற்றப் பாதியை யார் சொல்லிக்கொடுக்கிறது?

2014இல் லேர்ப்ளான் 21 வந்தது. டொச் பேசுகிற, பல மொழி பேசுகிற 21 கன்டோன்களுக்கான பொதுப் பாடத்திட்டம் அது. அதற்குள் 'மேடியன் உண்ட் இன்ஃபொர்மாடிக்' என்று ஒரு பகுதி இருக்கிறது. சூரிச்சில் 5ஆம், 6ஆம் வகுப்புகளுக்கு இதற்கென்று கிழமைக்கு ஒரு பாடநேரம் உண்டு. அதற்குக் கீழே உள்ள வகுப்புகளில் தனி நேரம் இல்லை, மற்றப் பாடங்களுக்குள்ளே சேர்த்துப் படிப்பிக்க வேணும். அதாவது எல்லா வகுப்பு ரீச்சரும் இதைத் தொட்டே ஆக வேணும்.

சின்ன வகுப்புகளுக்கு அது என்ன கேட்கிறது என்று பாருங்கோ. பிள்ளை தானே தெரிவு செய்த ஒரு குணத்தின்படி பொருட்களை ஒழுங்குபடுத்த வேணும். ஒரு செய்முறையைக் கண்டுபிடித்து, படிப்படியாக அதன்படி செய்ய வேணும். பாடத்திட்டமே தருகிற உதாரணங்கள் சமையல் குறிப்பு, விளையாட்டு விதி, நடன அசைவு. ஐபாட் என்ற பேச்சே அங்கே இல்லை. சனிக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட எங்களில் பலருக்கு, தட்டடவை முதலாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று செய்த ஞாபகம் இருக்கும். அதே கட்டளைகள், அதே வரிசை, வேகம் மட்டும் வேற. அல்கோரிதம் என்றால் என்ன என்று ஒரு ஆறு வயசுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட வேறென்ன வேணும்?

பாடத்திட்டம் எழுதுவது லேசு. ஆனால் பாடசாலையில் தாங்களே இதைப் படித்திராத ஆயிரக்கணக்கான ரீச்சர்மாரை என்ன செய்வது? வழக்கமான பதில், மாலை நேரத்தில் ஒரு குர்ஸ் வைத்து, விரும்பினவர்கள் வரலாம் என்று விடுவது. வருபவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். "எனக்கும் கொம்பியூட்டருக்கும் ஒத்துவராது" என்று நினைக்கிற ரீச்சர் வரமாட்டார். அவருடைய வகுப்பில் இருக்கிற இருபது பிள்ளைகளுக்கும் எதுவும் கிடைக்காது.

இது எங்கட ஆக்களுக்குச் சின்னக் கதை இல்லை. எங்களில் எத்தனை பேருடைய அப்பா ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றார், எத்தனை பேருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிளீனிங் செய்தார்? கொம்பியூட்டரைப் பற்றி வீட்டில் கேட்க ஆள் இல்லை. அப்பாவோ அம்மாவோ இஞ்சினியராக இருக்கிற பிள்ளைக்கு பள்ளிக்கூடம் சொல்லித்தராவிட்டாலும் வீட்டில் கிடைக்கும். மற்றப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான். பிள்ளை தன் ரீச்சரைத் தெரிவு செய்ய முடியாது. ஆகவே விரும்பின ரீச்சருக்கு மட்டும் பயிற்சி என்றால், பிள்ளைக்கு இது லொத்தர்.

சுவிசில் இரண்டு இடங்கள் இந்த லொத்தரை நிறுத்தப் பார்த்தன.

முதலாவது வடமேற்கு சுவிசின் ஆசிரியர் கல்லூரி, பி.எச். எஃப்.எச்.என்.டபிள்யூ. ஆர்காவ், சொலத்தூர்ன், இரண்டு பாசல் கன்டோன்கள் என நான்குக்கும் சேர்த்து ரீச்சர்மாரை உருவாக்குவது அதுதான். பிரிமார் ரீச்சராக வரப்போகிற எல்லாரும் கொம்பியூட்டர் சயன்ஸ் படித்தே ஆக வேணும் என்று 2017இல் அது கொண்டுவந்தது. அந்த வேலையை நடத்தியவர் அலெக்சாண்டர் ரெப்பெனிங். அவர் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அஜென்ட்ஷீட்ஸ் என்ற கருவியை உருவாக்கியவர். கேம் செய்துகொண்டே புரோகிராமிங் பழக வைப்பது அவருடைய வழி. பாடத்தை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் மாணவ ரீச்சர் தானே செய்து பழக வேணும். பிறகுதான் அதைப் பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்ற பகுதி. இந்த வரிசை முக்கியம். தான் ஒருமுறை மாட்டுப்பட்டு வெளியில் வந்த ரீச்சருக்குத்தான் பிள்ளை எங்கே மாட்டுப்படும் என்று தெரியும்.

இது புது ரீச்சர்மாருக்குச் சரி. இருபது வருசமாகப் படிப்பிக்கிறவர்களுக்கு? அதற்கு வோ கன்டோனைப் பார்க்க வேணும். 2018இல் லவுசானில் இருக்கிற ஈ.பி.எஃப்.எல் முதலிய உயர்கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து 10 பள்ளிகளில் தொடங்கினார்கள். நான்கிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகளின் ரீச்சர்மார், ஏறக்குறைய 350 பேர். விருப்பம் கேட்டுப் பொறுக்கி எடுக்கவில்லை, அந்த வகுப்புகளில் படிப்பிக்கிற எல்லாரும் பயிற்சிக்கு வர வேணும். ஆனால் பழகியதில் எதைத் தன் வகுப்பில் பாவிப்பது என்ற முடிவை ரீச்சரிடமே விட்டார்கள்.

பயிற்சியில் ரோபோவும் இருந்தது. தீமியோ என்ற சின்ன வெள்ளை ரோபோவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், ஈ.பி.எஃப்.எல்லில் பிறந்ததுதான். பச்சையில் வைத்தால் முன்னால் இருக்கிற கையைப் பின்தொடரும், சிவப்பில் வைத்தால் பயந்து விலகி ஓடும். அது ஏன் அப்படிச் செய்கிறது என்று பிள்ளைகளே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கூடவே கொம்பியூட்டரே இல்லாத விளையாட்டுகளும் இருந்தன. ஒரு பிள்ளை ரோபோ, மற்றப் பிள்ளை "இரண்டு அடி முன்னுக்கு, வலப்பக்கம் திரும்பு" என்று கட்டளை போட வேணும். இந்த வகை விளையாட்டுகளை 1990களில் நியூசிலாந்தில் ரிம் பெல்லும் கூட்டாளிகளும் தொகுத்தார்கள். வோவில் ரீச்சர்மார் வகுப்புக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போனது ரோபோவை இல்லை, இந்த விளையாட்டுகளைத்தான்.

ஐ.ரி.க்காரனாக எனக்கு இதன் காரணம் விளங்குது. ரோபோ என்றால் சார்ஜ், புளூரூத், அப்டேற், அலுமாரித் திறப்பு. இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று வேலை செய்யாவிட்டால் பாடம் குழம்பும். விளையாட்டுக்குத் தரையில் ஒட்ட ரேப் போதும். தவிர, பிள்ளைகளை விளையாட வைத்துப் படிப்பிப்பது ரீச்சருக்கு ஏற்கெனவே கைவந்த வேலை. தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு புதிசு ஒன்றைத் தொடுகிறார். அந்தத் துணிவு வந்த பிறகு ரோபோ வரலாம்.

இந்த யோசனைக்கு சுவிசில் பழைய வேர் உண்டு. சீமோர் பாப்பெர்ட் 1958இலிருந்து 1963வரை ஜெனீவாவில் ஜான் பியாஜேயோடு வேலை செய்தார். பிள்ளைகள் அறிவைத் தாங்களே கட்டி எழுப்புகிறார்கள் என்ற பியாஜேயின் கருத்தோடு அமெரிக்காவுக்குப் போனவர், 1967இல் மற்றவர்களோடு சேர்ந்து லோகோ மொழியை உருவாக்கினார். கட்டளைக்கு நடந்து கோடு கீறுகிற ஆமை அதில்தான் வந்தது. பிறகு சூரிச் ஈ.ரி.எச்.சில் யுராய் ஹ்ரோம்கோவிச்சின் குழு அதே லோகோவை இங்குள்ள பிரிமார் வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. வகுப்பு ரீச்சரும் பிள்ளைகளோடு இருந்து பழகினார். ஆமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சுவிசுக்கே வந்து சேர்ந்தது.

எங்கட பக்கத்திலும் ஒன்று இருக்கு. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலத்தை விதிகளால் உருவாகும் மொழியாக எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் அந்த ஆமையைக் கொண்டே கோலம் கீற வைத்தார்கள். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிற அக்காமார், அண்ணாமார் இதை வாசித்தால், ஒரு புள்ளிக் கோலமும் ஒரு பென்சிலும் போதும் என்று அறிந்துகொள்ளுங்கோ. "மூன்று புள்ளி நேர, இடப்பக்கம் திரும்பு, இதை நாலு தரம் செய்" என்று பிள்ளைகள் எழுதட்டும். தமிழும் பழகும், லூப்பும் பழகும்.

இன்னொன்று. 2020 மார்ச் 16இல் பள்ளிகள் மூடப்பட்டு மே 11இல் திறக்கும்வரை, ரீச்சர்மார் இரவோடிரவாக வீடியோ வகுப்பு நடத்தப் பழகினார்கள். பெரிய வேலைதான். ஆனால் அது ஒரு கருவியைப் பாவிக்கப் பழகியது. அந்தக் கருவி ஏன் அப்படி நடக்கிறது என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது வேற வேலை. அதற்கு நேரம் வேணும், பக்கத்தில் ஒரு ஆளும் வேணும். சூரிச் பக்கப் பள்ளிகளில் அந்த ஆளுக்கு 'பிக்ட்ஸ்' என்று பெயர். மற்ற ரீச்சர்மாருக்கு உதவுகிற ஒரு ரீச்சர். நகராட்சிகள் ஐபாட்டுக்குக் காசு ஒதுக்கும்போது பிக்ட்ஸுக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கினார்கள் என்று கேட்க வேண்டியது வரி கட்டுகிற நாங்கள்தான். வாக்குரிமை இருக்கிறவர்கள் ஊர்க்கூட்டத்தில் எழும்பிக் கேட்கலாம்.

ஐ.ரி.யில் இருக்கிற ஆக்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். ரீச்சராக இருக்கிற அக்காவோ சிநேகிதியோ உதவி கேட்டால், மவுசை வாங்கி நீங்களே செய்து முடிக்காதேங்கோ. பக்கத்தில் இருந்து சொல்லுங்கோ, அவரே கிளிக் பண்ணட்டும்.

அடுத்த எபிசோட்டுக்கு பிரிமாரில் படிப்பிக்கிற தமிழ் ரீச்சர்மார் இரண்டு மூன்று பேரோடு கதைக்க விருப்பம். பி.எச்.சில் படிக்கிறவர்களும் வரலாம். ஒரு கேள்வியோடு வாங்கோ: உங்கட பள்ளியில் இதற்கு உங்களுக்கு நேரம் தருகிறார்களா, இல்லை ஐபாட் மட்டும்தானா?