பூமியை அளக்கத் தொடங்கிய பரங்கிமலை

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நகரத்துக்குப் போகிறவர்கள் தினமும் பரங்கிமலையைக் கடக்கிறார்கள். அந்த மலைக்கும், மேடவாக்கத்துக்கு அப்பால் இருக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில்தான் 1802 ஏப்ரல் 10 அன்று இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவை தொடங்கியது. ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளாக வளர்ந்துவந்த அறிவியல் சிந்தனை, நம் ஊர் வெயிலில் சோதனைக்கு நின்ற இடம் அது.

யார் சொன்னாலும் சரிபார்க்காமல் ஏற்காதே என்பதே அந்தச் சிந்தனையின் உயிர். சுழலும் பூமி நடுவில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்க வேண்டும் என்று 1687-ல் நியூட்டன் கணக்கிட்டுச் சொன்னார். பிரான்சில் வானியலாளர் காசினி எடுத்த அளவுகளோ நேர்மாறாகக் காட்டின. இருவருமே பெரிய பெயர்கள். ஆனால் பெயரின் பெருமை வழக்கைத் தீர்க்கவில்லை. பிரெஞ்சு அறிவியல் கழகம் 1735-ல் ஒரு குழுவைத் தென்னமெரிக்காவுக்கும், அடுத்த ஆண்டு இன்னொரு குழுவை வடதுருவப் பக்கமுள்ள லாப்லாந்துக்கும் அனுப்பி அளக்கச் செய்தது. நியூட்டன் சொன்னதே சரி என்று ஆயிற்று. எவ்வளவு தட்டை என்று துல்லியமாக அறியத்தான் மேலும் பல இடங்களின் அளவுகள் தேவைப்பட்டன.

இந்தியாவில் 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், பிடித்த நாட்டை ஆள்வதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரைபடம் வேண்டியிருந்தது. ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் அந்தத் தேவையைப் பயன்படுத்திக்கொண்டு, பூமியின் வடிவத்தையே அளக்கும் திட்டத்தை முன்வைத்தார்.

நூறு அடிச் சங்கிலி

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே பெறலாம். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணங்களை அமைத்துக்கொண்டே போகலாம். ஹாலந்தில் ஸ்னெல் 1615 வாக்கில் பெரிய அளவில் கையாளத் தொடங்கிய முறை இது. இதில் முதல் பக்கத்தை மட்டும் தரையில் நேரடியாக அளந்தாக வேண்டும். அதில் விழும் பிழை எல்லா முக்கோணங்களிலும் தொடரும்.

அப்படி முதல் பக்கமாக லாம்டன் அளந்த அடிக்கோடு சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. 1793-ல் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்ட அது, அவர் ஏற்காததால் கல்கத்தா வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அதை மரத்தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஏறக்குறைய 400 முறை நீட்டி அளந்தார்கள்.

வெப்பமானி எதற்கு? பத்து டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அற்பமாகத் தோன்றும். 400 முறை அளக்கும்போது அதுவே சுமார் 1.4 மீட்டர் பிழையாகிவிடும். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் காலைக்கும் நண்பகலுக்கும் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். ஆகவே வெப்பநிலையைக் குறித்து, அதற்கேற்ப நீளத்தைத் திருத்தினார்கள். தன் கருவியையே சந்தேகிப்பதும், அந்தச் சந்தேகத்தை எண்ணாக்கிக் கணக்கில் சேர்ப்பதும்தான் நவீன அறிவியலின் மகத்தான சாதனை என்று நான் கருதுகிறேன்.

இமயம் வரை

இங்கிருந்து கிளம்பிய முக்கோணங்கள் சில ஆண்டுகளில் மேற்குக் கடற்கரையைத் தொட்டன. பழைய வரைபடங்கள் காட்டியதைவிடத் தீபகற்பம் சுமார் 40 மைல் குறுகலானது என்று தெரியவந்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கயிறறுந்து மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் செப்பனிட்டார். 1823-ல் அவர் இறந்த பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். உலகின் மிக உயர்ந்த சிகரத்தை 1852-ல் கணக்கிட்டு அறிந்தவர் வங்காளத்து ராதாநாத் சிக்தர். சிகரத்துக்கு வைக்கப்பட்டதோ எவரெஸ்டின் பெயர். சங்கிலி பிடித்த, சுமை தூக்கிய நம் மக்களின் பெயர்களும் பெரும்பாலும் பதிவாகவில்லை. இந்த அளவை ஏகாதிபத்தியத்தின் கருவியாகவும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் முறை எவருடைய தனிச்சொத்தும் அல்ல என்பதற்குச் சிக்தரே சாட்சி.

பரங்கிமலையில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பெரும்பாக்கம் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் பள்ளி மைதானத்தைக் காலையிலும் நண்பகலிலும் பலமுறை அளக்கச் சொல்லுங்கள். விடைகள் ஒன்றுபோல் வராது. ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிழையையும் சேர்த்தே எழுதட்டும்.