ஏகாதசி பட்டினி: இன்சுலின் ஊசி போடலாமா? நர்சு கையில் முடிவு!

திருச்சி, ஸ்ரீரங்கம் என்றால் பெருமாள். மார்கழி என்றால் வைகுண்ட ஏகாதசி. கூடவே பட்டினி!

பல வருடமாக இன்சுலின் போட்டு வரும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு மருந்து என்று டாக்டர் சீட்டில் எழுதி இருக்கிறார். பாட்டியோ முதல் நாள் ராத்திரியில் இருந்து தீர்த்தம் தவிர எதையும் தொடவில்லை.

"சீக்கிரம் ஊசியைப் போட்டுடும்மா, சொர்க்கவாசல் பாக்கப் போகணும்" என்கிறார்.

சீட்டில் இருக்கிறதே என்று போட்டு விடலாமா? கூடாது. "பாட்டி, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பதுதான் நர்சின் முதல் வேலை. அடுத்தது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

சர்க்கரை 70-க்கு கீழே இருந்தால் ஊசி அப்படியே நிற்கும். சுமார் 15 கிராம் சர்க்கரையை கரைத்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார். விரதம் அன்று இதற்கு பாட்டியை சம்மதிக்க வைப்பது லேசான காரியம் அல்ல!

மருந்தின் அளவை மாற்ற நர்சுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நிறுத்தி வைத்து டாக்டரைக் கேட்கும் பொறுப்பு உண்டு. அதற்காக வீட்டில் தாங்களாகவே இன்சுலினை அடியோடு நிறுத்தி விடக்கூடாது. சிறு வயதிலேயே இந்த வியாதி வந்தவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

காலைக் காட்டுங்க!

ஏழு பிரகாரம் கொண்ட கோவில். சித்திரை வெயிலில் கல் தரை கொதிக்கும். மரத்துப்போன காலுக்கு சூடு தெரியாது. கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்க புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். ஆகவே ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வந்தவரிடமும் விவரம் தெரிந்த நர்சு "காலைக் காட்டுங்க" என்பார்.

மிஞ்சிய மாத்திரை

2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் போன மாத மாத்திரை டப்பாவில் அப்படியே கிடந்தால்?

மருமகள் எதிரில் கேட்டால் உண்மை வராது. திட்டினால் அடுத்த மாதம் டப்பாவையே ஒளித்து விடுவார்கள். தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும்.

"அதைப் போட்டா வயித்தால போறதும்மா. கோவில் வரிசையில எப்படி நிக்கறது? ஆம்பிளை டாக்டர்கிட்ட இதைச் சொல்ல முடியுமா?" என்று பதில் வரலாம்.

மெட்பார்மின் மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்வது உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. பாட்டி சொல்ல வெட்கப்பட்டதை, அன்றே நர்சு டாக்டர் காதில் போட்டு விடுவார்.