பூட்லோடரை எங்கே வைப்பது? யாரும் படிக்காத அந்த ஒரு வரி

லினக்ஸ் நிறுவும்போது வரிசையாகக் கேள்விகள் வரும். மொழி எது, விசைப்பலகை எது, எந்த ஊர் நேரம், பயனர் பெயர் என்ன. எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லிடுவோம். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் திரையின் அடியில் மட்டும் சின்னதா ஒரு பெட்டி இருக்கும்: பூட்லோடரை எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும்? அதில் ஏற்கெனவே ஒரு பதில் நிரப்பியிருக்கும். பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. நானும் தொடவில்லை. அதனால் ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

சில வருஷங்களுக்கு முன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பொறியியல் கடைசி வருஷம். "மாமா, லினக்ஸ் எப்படி இருக்கும்னு காட்டுங்க" என்றான். அவன் லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தது. அதைத் தொட வேண்டாம் என்று என்னுடைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அதிலேயே லினக்ஸை நிறுவினேன். ரீஸ்டார்ட் செய்ததும் மெனு வந்தது. லினக்ஸும் இருந்தது, விண்டோஸும் இருந்தது. பெருமையாக டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குப் போன். "மாமா, லேப்டாப் ஆன் ஆகல. கறுப்பு ஸ்கிரீன்ல 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு நிக்குது. நாளைக்குக் காலைல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் குடுக்கணும், அது இதுக்குள்ளதான் இருக்கு."

நான்தான் விண்டோஸைத் தொடவே இல்லையே! அப்புறம் எப்படி?

பதில் அந்தப் பெட்டியில் இருந்தது. லினக்ஸை வெளி டிஸ்க்கில் போடச் சொன்னேன். பூட்லோடரை எங்கே போடுவது என்று சொல்லவில்லை. நிறுவி, தானாக முதல் டிஸ்க்கை, அதாவது லேப்டாப்பின் உள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அங்கே எழுதிவிட்டது.

பழைய பயாஸ் முறையில் நடப்பது

பயாஸுக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. டிஸ்க்கின் முதல் செக்டாரை, வெறும் 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி ஓட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த 512-இல் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. மிச்சம் 446 பைட்தான் நிரலுக்கு. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு மெனுவையே வைக்க முடியாது. அதனால் க்ரப் தன்னை மூன்று துண்டாக்கிக்கொள்கிறது.

முதல் துண்டு அந்த முதல் செக்டாரில். இரண்டாவது துண்டு, அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே இருக்கிற காலி இடத்தில். இப்போதெல்லாம் முதல் பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டாரில் தொடங்குவதால் அந்த இடம் கிட்டத்தட்ட 1 எம்பி. மூன்றாவது துண்டு, அதாவது மெனுவும் மற்ற மாட்யூல்களும், லினக்ஸ் பார்ட்டிஷனில் பூட் கோப்புறைக்குள்.

இப்போ புரிஞ்சிருக்கும். முதல் இரண்டு துண்டும் மருமகன் லேப்டாப்பில். மூன்றாவது துண்டு என் பையில், பஸ்ஸில். தலை அங்கே, உடம்பு இங்கே. இரண்டாவது துண்டு மூன்றாவதைத் தேடியது, கிடைக்கவில்லை, ரெஸ்க்யூவில் நின்றுவிட்டது. என் பையில் இருந்த லினக்ஸும் தனியாக எழும்பாது, ஏன்னா அதுக்குத் தலை இல்லை.

நல்ல செய்தி ஒன்று: மாறியது விண்டோஸின் தொடக்க நிரல் மட்டும்தான். பார்ட்டிஷன் பட்டியலும் கோப்புகளும் அப்படியே இருந்தன. இதை முதலில் அவனிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு நண்பனிடம் விண்டோஸ் 7 டிவிடி இருந்தது. அதில் பூட் செய்து, பழுது பார்க்கும் பகுதியில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறக்கச் சொல்லி, 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்ற கட்டளையை எழுத்து எழுத்தாகப் போனிலேயே சொன்னேன். "மாமா, அந்தக் கோடு எந்தப் பக்கம் சாயணும்?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்தக் கட்டளை பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாமல் தொடக்க நிரலை மட்டும் மறுபடி எழுதும். விண்டோஸ் வந்தது. ரிப்போர்ட்டும் இருந்தது.

யூஇஎஃப்ஐ வந்த பிறகு

இன்றைய கணினிகளில் இந்த 446 பைட் நெருக்கடி இல்லை. டிஸ்க்கில் இஎஸ்பி என்று ஃபேட் வடிவத்தில் ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். ஒவ்வொரு இயங்குதளமும் அதில் தனக்கென ஒரு கோப்புறை போட்டு, தன் பூட்லோடரை சாதாரணக் கோப்பாக வைக்கிறது. எந்தக் கோப்பை முதலில் ஓட்டுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. ஒரே தெருவில் ஆளுக்கொரு வீடு மாதிரி. அதனால் விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ் நிறுவும்போது புது இஎஸ்பி தேவையில்லை. இருப்பதையே பயன்படுத்தலாம். ஆனால் அதை ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். விண்டோஸின் பூட்லோடரும் அதில்தான் இருக்கிறது.

வெளி டிஸ்க் சிக்கல் இங்கேயும் உண்டு. சில நிறுவிகள், பெட்டியில் எதைத் தேர்ந்தாலும் உள் டிஸ்க்கின் இஎஸ்பியிலேயே எழுதிவிடும். ஆனால் இங்கே பாதிப்பு குறைவு. விண்டோஸின் கோப்பு அழியாததால், மதர்போர்டின் பூட் மெனுவில் போய் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நிறுவும் முன் நான் இப்போது பார்ப்பவை

முதலில், விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸ் பென்டிரைவையும் பூட் செய்ய வேண்டும். லைவ் லினக்ஸில் '/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ' என்ற கோப்புறை இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய முறை. ஒன்று இதில், இன்னொன்று அதில் என்றால் க்ரப் மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போக முடியாது.

இரண்டாவது, டிஸ்க்கின் பெயரை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் இடம் மாறலாம். பழைய முறையில் எஸ்டிஏ1 என்ற பார்ட்டிஷனை அல்ல, எஸ்டிஏ என்ற முழு டிஸ்க்கைத் தேர்வு செய்யணும். வெளி டிஸ்க்கில் நிறுவுவதாக இருந்தால், முடிந்தால் உள் டிஸ்க்கைக் கழற்றிவிடுவது உத்தமம்.

மூன்றாவது, விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் வரிசையோ செக்யூர் பூட்டோ மாறினால் அது கேட்கும்.

நான்காவது, நிறுவிய பின் மெனுவில் விண்டோஸ் தெரியலைன்னா பதற வேண்டாம். 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. '/ஈடிசி/டீஃபால்ட்/க்ரப்' கோப்பில் 'க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்' என்பதன் மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றணும். மெனு எத்தனை விநாடி காத்திருக்கும், எது முதலில் தேர்வாகும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். மாற்றிவிட்டு டெபியன், உபுண்டு வகைகளில் 'அப்டேட்-க்ரப்' ஓட்டினால்தான் அது மெனுவுக்கு வரும். இதை மறந்துவிட்டு "மாத்தியும் மாறலையே" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

கடைசியாக ஒன்று. எல்லாம் முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, நீங்கள் அங்கே இருக்கும்போதே ஒரு தடவை கணினியை ஆன் செய்து பாருங்கள். அன்றைக்கு அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழித்திருந்தால், ஒரு பையன் ராத்திரி முழுக்க ரிப்போர்ட் போச்சுன்னு நினைச்சு அழுதிருக்க மாட்டான்.