கேட்ட சொல் ஓர் அமானிதம்



உடலில் காயம் ஏற்பட்டால் தாமதியாது மருந்திடுகின்றோம்; உள்ளத்துக் காயத்தையோ மறைத்தே வைக்கின்றோம். உயர்தரப் பரீட்சையில் தவறிய மாணவனும், திருமணப் பேச்சு முறிந்த யுவதியும் வாய்திறவாதிருப்பது ஏன்? சொன்ன சொல் ஊரெல்லாம் பரவிவிடும் என்ற அச்சமே பெருங்காரணமாகும்.

1953 ஆம் ஆண்டில் லண்டன் நகரில் சாட் வரா என்னும் கிறிஸ்தவ மதகுரு, வாழ்வை வெறுத்தோருக்கு ஆலோசனை கூற முன்வந்தார். அவரைக் காணக் காத்திருந்தோருக்குத் தொண்டர்கள் தேநீர் வழங்கிப் பேச்சுத் துணையாயிருந்தனர். அத்தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசியோர் பலர், குருவைக் காணாமலே ஆறுதலடைந்து திரும்பினர். இதனையுணர்ந்த அவர், 1954 இல் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு இவ்வாறே வளர்ந்தது. அவ்வழியில் நமது நாட்டிலும் 1974 இல் ‘சுமித்ரயோ’ ஆரம்பிக்கப்பட்டது. செவிமடுக்கப் பயிற்றப்பட்ட சாதாரண மனிதர்களே அங்கு தொண்டாற்றுகின்றனர்.

நண்பர்கள் நால்வர் கூடி ஒருவர் துயரை ஒருவர் கேட்கும் இடம் பாதுகாப்பாய் அமைய மூன்று விடயங்கள் அவசியம்.

முதலாவது, இரகசியம். ஒருவர் ஒன்றைக் கூறிவிட்டு அங்குமிங்கும் திரும்பிப் பார்ப்பாராயின் அது அமானிதமாகும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ‘யாரிடமும் சொல்லாதீர்’ என அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை; அந்தப் பார்வையே போதுமானது.

இரண்டாவது, தீர்ப்புக் கூறாமை. ‘ஈமான் குறைவினாலேயே இந்நிலை’ என்று கூறிவிட்டால், பேச வந்தவர் மீண்டும் வாய்திறக்கமாட்டார். முழுமையாகக் கேளுங்கள், இடைமறித்து உபதேசிக்காதீர்கள்.

மூன்றாவது, எல்லையறிதல். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவரிடம் வெளிப்படுமாயின், அதனை மறைப்பது அமானிதம் பேணுவதாகாது. அவரைத் தனியே விடாது, நம்பத்தகுந்த பெரியவரிடமும் வைத்தியரிடமும் அறிவித்தல் கடமையாகும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். இவ்வெல்லையை முதல் நாளிலேயே அனைவருக்கும் தெரிவித்துவிடுங்கள். பின்னர் எவரும் ஏமாற்றப்பட்டதாக எண்ணமாட்டார்கள். செவிமடுக்கும் நண்பர் வைத்தியருக்குப் பதிலானவர் அல்லர் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நண்பனிடம் கூறியதை அந்நண்பனிடம் துருவித் துருவி விசாரிக்காதீர்கள். பிள்ளை உங்களிடம் வந்து பேசும் நாளில், கோபமின்றிச் செவிசாயுங்கள். முதன்முதலில் பாதுகாப்பான இடமாக அமைய வேண்டியது நமது இல்லமே அல்லவா?