முந்தி வந்த முன்பனி
சித்தன்னவாசலில் சிரிப்பவர்களும் கவலைப்படுபவர்களும்

கார்த்திகை பாதிகூடக் கழிந்திராது. நேற்றுவரை இடியும் மழையுமாக இருந்த வானம் திடீரென்று வெளுத்துவிடும். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், புல்நுனியெல்லாம் பனித்துளி! பாறையைத் தொட்டால் கை சில்லிடும்.

தமிழர்கள் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம்; மார்கழியும் தையும் முன்பனிக்காலம். கணக்கு இப்படி இருந்தாலும், சில ஆண்டுகளில் பனி தன் முறைக்குக் காத்திராமல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

வந்தால் என்ன? நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. ஐயோ, வந்துவிட்டதே என்று நெஞ்சில் கை வைப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும்.

கட்டுச்சோறும் கல்மலையும்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்கு அருகே இருக்கிறது இந்தக் குன்று. கோடையில் இங்கே கால் வைக்க முடியாது. பாறை அடுப்பாகக் கொதிக்கும். அடைமழையிலோ பாறை வழுக்கும். ஆகவே மழை ஓய்ந்து பனி தொடங்கும் நாட்கள்தாம் உல்லாசப் பயணத்துக்கு ஏற்றவை. புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள்.

மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. பாறையில் செதுக்கிய ஏழு படிகளால் வந்த பெயர் இது. அங்கே சமண முனிவர்களுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. தலையணைகூடக் கல்தான்! ஒரு படுக்கையின் ஓரத்தில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்துக்களைக் காணலாம். அந்தச் சில்லிட்ட கல்லில் அவர்கள் எத்தனை பனிக்காலங்களைக் கழித்தார்களோ!

வயலில் வேறு பேச்சு

மலையை விட்டு இறங்கி வயற்பக்கம் போனால் பேச்சு மாறிவிடுகிறது.

பனி எப்படி உண்டாகிறது? இரவில் பூமி தன் சூட்டை வெளியே விடுகிறது. வானத்தில் மேகம் இருந்தால் அது போர்வைபோல் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். மேகம் இல்லையென்றால் தரை விரைவில் குளிர்ந்துவிடும்; காற்றில் உள்ள ஈரம் துளியாகப் புல்லில் படியும். ஆகவே பனி என்றால் மேகம் இல்லை என்று பொருள். மேகம் இல்லையென்றால் மழை ஏது?

புதுக்கோட்டைச் சீமையின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மாவட்டத்தின் கிழக்கே அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. அன்னவாசல் பக்கத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால்தான் நெல். அதுவும் கார்த்திகை, மார்கழியில்தான் பயிர் பொதி கட்டிக் கதிர் தள்ளும். அந்த நேரத்தில் மழை நின்றுபோனால் விதைத்தவன் பாடு திண்டாட்டம்தான்.

இது வீண் பயம் அல்ல. 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு வெளுத்த வானம் அழகாகத்தான் இருந்திருக்கும்!

பனிக்கட்டி கொட்டும் காஷ்மீரிலும் இதே கதைதான். 2018 நவம்பர் தொடக்கத்தில் அங்கே பனி முந்திப் பெய்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கண்டு களிக்கும் அந்தப் பனி, பழத்தோடும் இலையோடும் நின்ற ஆப்பிள் மரங்களின் கிளைகளை முறித்துப் போட்டது.

ஓவியம் யார் பக்கம்?

குன்றின் மேற்குச் சரிவில் இருக்கிறது அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம்! மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள்! சமணர்களின் சமவசரணத்தில் வரும் தடாகமே இது என்பது அறிஞர் கருத்து.

சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டிய இந்த ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியதற்கு ஈரம் பெரும் பகை. அப்படியானால், மழை நின்றால் ஓவியத்துக்கு நல்லதுதானே? அங்கேயும் ஒரு சிக்கல். மழை நின்றால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் கை படும். மூச்சுக்காற்றின் ஈரமும் சேரும். பிரான்ஸில் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். அவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களைக் கெடுக்கிறது என்று 1963-இல் குகையை மூட வேண்டியதாயிற்று. சித்தன்னவாசலுக்கு அந்த நிலை வரக்கூடாது.

பனியை யாரும் தடுக்க முடியாது. பார்க்க வருகிறவர்கள் இரண்டு காரியங்கள் செய்யலாம். ஓவியத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். வரும் வழியில் வண்டியைச் சற்று நிறுத்தி, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்க்கலாம். கிடந்தால், பனியும் இனிக்கும், கட்டுச்சோறும் இனிக்கும். வறண்ட சீமையில் நிறைந்த தடாகத்தை அந்தக் கலைஞன் ஏன் தலைக்குமேல் தீட்டி வைத்தான் என்பதும் விளங்கும்.