ஓவனை முன்கூட்டியே சூடாக்குவது ஏன்?



நம் டிரஸ்ட்டுக்கு வரும் சுயதொழில் உதவி மனுக்களில் தையல் மிஷினுக்கு அடுத்தபடியாக இப்போது ஓவன் கேட்பவர்கள்தான் அதிகம். பிறந்தநாள் கேக், பெருநாளைக்கு நெய் பிஸ்கட், தம்மடை என்று வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வட்டியில்லாக் கடனில் வாங்கிய ஓவன் மூன்றாம் மாதமே துணி போர்த்தி மூலையில் நிற்பதையும் பார்க்கிறோம். "மேலே கருகிடுது, உள்ளே வேகலை, அடுப்பே சரியில்லை" என்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்படிச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு சகோதரியிடம் விசாரித்ததில், கேக் கலவையை உள்ளே வைத்துவிட்டு அதன் பிறகே அவர் சுவிட்சைப் போடுகிறார் என்று தெரிந்தது. அடுப்பில் ஒரு குறையும் இல்லை.

இதைச் சொன்னபோது செராமிக் வேலை பார்க்கும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "பொம்மையை, ஃபியூஸ் கேரியரை எல்லாம் குளிர்ந்த சூளையில் அடுக்கிவிட்டுத்தானே தீ வைக்கிறோம்? கேக்குக்கு மட்டும் ஏன் தலைகீழ்?"

இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. பச்சை மண் பொம்மைக்குள் ஈரம் இருக்கிறது. சூட்டை மெதுவாக ஏற்றினால் அந்த ஈரம் மெல்ல வெளியேறும். திடீரென்று 100 டிகிரியைத் தாண்டினால் உள்ளேயே ஆவியாகிப் பொம்மையை வெடிக்கச் செய்துவிடும். அதையும் கடந்தால் 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். அங்கேயும் அவசரப்பட்டால் விரிசல்தான். டனல் சூளையில் முதல் பகுதிக்கே ப்ரீஹீட்டிங் என்றுதான் பெயர். அங்கே வண்டியில் வரும் சரக்கு, முன்னால் எரியும் பகுதியிலிருந்து வரும் சூடான புகையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது. ஆக, சூளையில் முன்கூட்டியே சூடாக்குவது சரக்கை, ஓவனில் அடுப்பை.

கேக்கின் தேவையே வேறு. அதில் உள்ளே இருப்பது வெளியேறக் கூடாது. முட்டையை அடிக்கும்போது சேர்ந்த காற்றும், பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயுவும் கலவைக்குள் நுண்ணிய குமிழிகளாக நிற்கின்றன. சூடு பட்டதும் அவை விரிந்து கேக்கை உயர்த்தும். அதே சமயம் முட்டை 60 டிகிரியைத் தாண்டி இறுகத் தொடங்கும். மாவும் வெந்து சுவர் போல நின்றுகொள்ளும். உயர்வதும் இறுகுவதும் கிட்டத்தட்ட ஒன்றாக நடக்க வேண்டும். குளிர்ந்த ஓவனில் வைத்தால் நெய்யும் சர்க்கரையும் முதலில் இளகிவிடும். சுவர் எழும்பும் முன்பே வாயுவில் பெரும்பகுதி போய்விடும். கேக் அடையாகிவிடும்.

மேலே கருகுவதற்கும் இதுவே காரணம். சூடேறி முடியும் வரை ஓடிஜியின் கம்பிகள் நிற்காமல் செக்கச்செவேல் என்று எரியும். குறித்த சூடு வந்த பிறகுதான் தெர்மோஸ்டாட் அவற்றை அணைத்து அணைத்துப் போடும். அந்த முதல் கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கும் பண்டம், கம்பியின் நேரடித் தணலை வாங்கிக்கொள்கிறது.

நெய் பிஸ்கட் விஷயத்தில் இது இன்னும் கடுமை. நெய் உருகி, வட்டமாக வைத்தது தட்டு முழுவதும் பரவிவிடும். பப்ஸ் என்றால் அடுக்கு பிரியாது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. தம்மடைக்குக் கீழே தணல் போட்டு, மூடியின் மேலும் கங்கு அள்ளி வைத்தார்களே, தீ தணலாகக் கனியும் வரை சட்டியை ஏற்றவே மாட்டார்கள். தந்தூர் அடுப்பிலும் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே ரொட்டியை அறைகிறார்கள். அந்தத் தந்தூர், அரபியில் தன்னூர். நூஹ் நபி அவர்களின் வரலாற்றில் ஹூத் சூராவில் வருகிற அதே சொல். இலங்கைத் தமிழர்கள் பேக்கரி அடுப்பைப் போறணை என்பார்கள். அது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். அரபியின் ஃபுர்ன் என்பதும் அதன் உறவுதான். பழைய விறகு பேக்கரிகளில் அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, சாம்பலை வாரிவிட்டு, செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூட்டிலேயே ரொட்டி சுட்டார்கள்.

அந்தச் செங்கல் விஷயத்தைக் கவனியுங்கள். காற்று அதிகச் சூட்டைச் சேமிக்காது. கதவைத் திறந்தால் போய்விடும். சூட்டை வைத்திருப்பது சுவரும் தட்டும். ஆகவே பொதுவாக 180 டிகிரிக்கு 10 முதல் 15 நிமிடம் சூடாக்குங்கள். விளக்கு அணைந்தோ மணி அடித்தோ சொல்கிற மாடலாக இருந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். அது சொல்வது காற்றின் சூட்டைத்தான். கலவை அதற்குள் தயாராக இருக்கட்டும். கதவை ஒரே முறை திறந்து, வைத்து, மூடிவிடுங்கள்.

மின்சாரம் வீணாகாதா என்பவர்களுக்கு: 1500 வாட் ஓவன் 15 நிமிடம் முழுதாக எரிந்தாலும் அரை யூனிட்டுக்குக் குறைவுதான். வீணாகப் போகும் ஒரு கேக்கில் முட்டை மட்டும் எத்தனை என்று கணக்குப் பாருங்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் முன்சூடு வேண்டியதில்லை. மிஞ்சிய பிரியாணியை மூடிச் சூடாக்க, ரஸ்க்கைக் காயவைக்க, நேராகவே வைக்கலாம்.

ஓவன் இல்லாமல் குக்கரில் செய்பவர்கள், அடியில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பழைய குக்கராக இருக்கட்டும். தண்ணீரில்லாமல் காய்ந்தால் பாத்திரம் கெடும். கரித் தணலில் தம்மடை போடுகிறவர்கள் வாசலிலோ கொல்லையிலோ போடுங்கள். கதவடைத்த அறையில் கரி எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

நம் ஊர் வீடுகளில் பீங்கான் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்த பீங்கானையோ கண்ணாடியையோ காய்ந்த ஓவனில் நேராக வைக்காதீர்கள். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் பிளந்துவிடும். ஓவனுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பாத்திரமாக இருந்தாலும் முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும். அலங்காரத்துக்காகச் செய்த கிண்ணம், தட்டுகளில் உணவு வேண்டவே வேண்டாம். அவற்றின் வண்ணமும் கிளேசும் சாப்பாட்டுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. சிலவற்றில் ஈயம் இருக்கக்கூடும்.

கடைசியாக வயரிங். 1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் அதற்குப் போதாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் ஒயர் உருகித் தீப்பிடிக்கலாம். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக வேண்டும். ஓவனுக்கு உதவி கேட்டு மனுச் செய்பவர்கள் இனி அந்தப் பாயின்ட் வீட்டில் இருக்கிறதா என்பதையும் மனுவிலேயே எழுதவும். இல்லாதவர்கள் அதைப் போடும் செலவையும் சேர்த்தே கேட்கலாம்.