சேமிப்பும் சாந்தியும்

கலகம் மூண்ட காலத்தில் ஜனங்கள் கைப்பொருளை நகையாகவும் ரொக்கமாகவும் ஒளித்துவைப்பார்களேயன்றி, நெடுங்காலத்துக்குப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்கத் துணியமாட்டார்கள் என்பது லோக அநுபவம். ஆயினும், 1960இல் மாபெரும் கிளர்ச்சியைக் கண்ட ஜப்பானில் குடும்பங்களின் சேமிப்பு அதன் பின்னரும் ஓங்கி வளர்ந்தது. அதன் காரணம் ஆராயத் தக்கது.

அமெரிக்காவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையைத் திருத்தி நிலைநாட்டுவதில் பிடிவாதமாக நின்ற பிரதம மந்திரி கிஷி நொபுஸுகேயின் ஆட்சியில், சபாநாயகரை மறித்து உட்கார்ந்த சோஷலிஸ்டு அங்கத்தினர்களை மே 19ஆம் தேதி இரவு போலீஸார் தூக்கி அப்புறப்படுத்த, நள்ளிரவு கடந்ததும் எதிர்க்கட்சியின்றியே அந்த உடன்படிக்கை கீழ்ச்சபையில் நிறைவேறியது. உடன்படிக்கையைப் பற்றிய விவாதம் அன்று முதல் ஜனநாயகத்தைப் பற்றிய விவாதமாயிற்று. லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். ஜூன் 15ஆம் தேதி பார்லிமெண்டில் நடந்த மோதலில் ஒரு மாணவி உயிரிழந்தாள். அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் ஜப்பான் விஜயம் கைவிடப்பட்டது. தற்காப்புப் படையை ஏவும் யோசனைக்குப் பாதுகாப்பு இலாகாத் தலைவர் அகாகி முனெநோரி இணங்க மறுத்தது அத்தேசத்தின் பாக்கியமே.

கிஷி விலகியபின் ஜூலையில் பதவியேற்ற இகெடா ஹயாடோ, சகிப்பையும் பொறுமையையும் தம் ஆட்சியின் நெறியாக அறிவித்தார். அக்டோபரில் சோஷலிஸ்டுத் தலைவர் அஸநுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டபோது, அந்த எதிரணித் தலைவருக்குப் பார்லிமெண்டில் மனமுருகி அஞ்சலி செலுத்தினார். பத்தாண்டுகளில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தை டிசம்பரில் மந்திரிசபை ஏற்றது. அந்த இலக்கு தவணைக்கு முன்னரே எட்டப்பட்டது.

வருமானம் பெருகியதோடு, கோடையிலும் குளிர்காலத்திலும் கிடைத்த போனஸ் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பது குடும்பங்களின் வழக்கமாயிற்று. 1875 முதல் நடந்துவந்த தபாலாபீஸ் சேமிப்பில் சிறு தொகைகளின் வட்டிக்கு அக்காலத்தில் வரி இல்லை; அங்கே சேர்ந்த பணம் நிதி இலாகாவின் வழியாகச் சாலைகளுக்கும் வீடுகளுக்கும் கடனாகச் சென்றது. 1970களின் நடுவில் குடும்பங்கள் தம் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேமித்தன. முதுமைக்கும் கல்விக்கும் தாமே தேடிக்கொள்ள வேண்டிய கவலையும் இதற்கு ஒரு காரணந்தான். ஆனால் வெறும் அச்சம் பணத்தைப் புதைக்கச் செய்யுமேயன்றி, தபாலாபீஸுக்குக் கொண்டுசெல்லாது; அதற்கு நாளைய அமைதியில் நம்பிக்கை வேண்டும்.

வன்முறையைத் தடுப்பது போலீஸின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிர்ப்பவனின் சொல்லுக்குச் சபையில் இடமும், உழைப்பவனின் வீட்டில் நாளையைப் பற்றிய நம்பிக்கையும் இருந்தாலொழிய அந்தக் கடமை நிறைவேறாது. அவ்விரண்டையும் அளிப்பது ஆள்வோரின் பொறுப்பு.